குளியலறைச் சுவரில் கடல்: எந்தப் படம் தாங்கும், எது உரியும்?

கீழ்பென்னாத்தூரில் கடல் கிடையாது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் இந்த ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை என்றால் புதுச்சேரி பக்கம்தான். வண்டியில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆனாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கும் பிள்ளைகள், ஊரில் அப்பா அம்மா இருக்கும் பழைய வீட்டின் பாத்ரூமைப் புதுப்பிக்கக் கிளம்பினால், போனில் சேமித்து வைத்திருக்கும் படங்களில் ஒன்றாவது கடலாக இருக்கும். நீல டைல்ஸ், அலை ஓவியம், சுவரில் ஒரு படகு, கண்ணாடியைச் சுற்றிக் கிளிஞ்சல்.

அதன் பிறகு பல வீடுகளில் நடக்கும் உரையாடல் இதுதான்.

"மேஸ்திரி அண்ணே, இந்தச் சுவர்ல இந்த மாதிரி ஒரு கடல் படம் வரணும்."

"மாட்டலாம் தம்பி. மழைக்காலம் முடிஞ்சதும் உரிஞ்சு வந்தா என்னைக் கேட்கக் கூடாது."

மேஸ்திரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹாலுக்கு வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்கலாம். பாத்ரூமுக்கு வாங்கும்போது அந்தப் படம் எதன் மேல் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை மாற்றிச் செய்தால் செலவு இரண்டு தடவை.

ஹாலில் தாங்கும் படம் இங்கே ஏன் தாங்காது?

வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவி, குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாக மாறும். காகிதமும் பருத்தித் துணியால் ஆன கேன்வாஸும் இந்த ஈரத்தை உறிஞ்சி விரியும், காயும்போது சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் பசை விடும், படம் நெளியும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

"கண்ணாடி போட்ட ஃபிரேம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று நினைப்பவர்கள் அதிகம். ஈரம் முன்பக்கமாக வருவதில்லை, பின்பக்க அட்டை வழியாக உள்ளே போகிறது. போனபின் வெளியே வர வழியில்லாமல் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். விலை குறைந்த ஃபிரேம்கள் பலவும் எம்டிஎஃப் பலகையில் செய்தவை. மரத்தூள் நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை அது. ஓரத்தில் ஈரம் ஏறி ஒருமுறை உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஜப்பானில் சென்டோ எனப்படும் பொதுக் குளியல் கூடங்களின் சுவரில் பெரிய ஓவியம் வரையும் வழக்கம் உண்டு. 1912இல் டோக்கியோவின் காண்டா பகுதியில் இருந்த ஒரு குளியல் கூடத்தில் ஃபூஜி மலையை வரைந்ததில் தொடங்கிய வழக்கம் என்று அதைச் சொல்வார்கள். மலைக்கு முன்னால் பெரும்பாலும் கடலோ ஏரியோ இருக்கும். அங்கேயும் ஆவியும் ஈரமும் வண்ணத்தைக் கெடுக்கும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி வரைகிறார்கள். வரைவதற்கு ஆள் இருந்ததால் அங்கே ஓவியம் நிலைத்தது. வீட்டில் அது நடக்காது.

முதலில் சுவர், அப்புறம் படம்

தமிழில் ஓதம் என்றால் கடல் அலை என்றும் பொருள் உண்டு, ஈரக்கசிவு என்றும் பொருள் உண்டு. முதல் ஓதம் சுவருக்கு வரும் முன் இரண்டாவது ஓதம் போயிருக்க வேண்டும்.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில், சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்த நிலையில் எந்தப் படத்தை ஒட்டினாலும் நிற்காது. தரைக்கும் ஒரு சோதனை உண்டு. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் பதிக்கும் முன், தண்ணீர் போகும் வழியை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். பக்கத்து அறைச் சுவரிலோ கீழ்த்தளத்திலோ ஈரம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை.

பழைய வீடுகளில் பாத்ரூமுக்குச் சின்ன வென்டிலேட்டர் ஒன்றுதான் இருக்கும். அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது படத்தின் ஆயுளுக்கும் நல்லது, அப்பா அம்மாவின் மூச்சுக்கும் நல்லது.

பக்கெட் குளியலுக்கு வேறு கணக்கு

இன்ஸ்டாகிராமில் பார்க்கும் வெளிநாட்டுக் குளியலறைகளில் குளிக்கும் இடம் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும். மற்ற இடம் காய்ந்தே இருக்கும். அதனால் அங்கே கேன்வாஸ் மாட்டுவதைப் பார்த்து இங்கேயும் மாட்டலாம் என்று தோன்றும். நம்ம ஊரில் பக்கெட், மக் வைத்துக் குளிக்கும்போது சுவரின் பாதி உயரம் வரை தண்ணீர் தெறிக்கும். எனவே சுவரை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் நேரடியாகப் படும் இடம்: ஷவர், குழாய், பக்கெட் இருக்கும் சுவர். இங்கே சூளையில் சுட்ட டைல்ஸ் அல்லது பின்பக்கம் அச்சிட்ட டஃபன்ட் கண்ணாடி மட்டும்.

ஈரம் படும், ஆனால் தண்ணீர் கொட்டாத இடம்: வாஷ்பேசின் பக்கம், தலைக்கு மேல் உயரம். அக்ரிலிக், ஏசிபி ஷீட், கிளேஸ் போட்ட பீங்கான் தட்டுகள் தாங்கும். சன்போர்டும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதன் மேல் ஒட்டும் வினைல் ஓரத்தில் உரியலாம்.

காய்ந்த இடம்: கதவுக்கு வெளியே, பாத்ரூமுக்குப் போகும் வழி. மனசுக்குப் பிடித்த ஓவியம் காகிதத்திலோ கேன்வாஸிலோதான் இருக்கிறது என்றால் அதற்கு இடம் இதுதான்.

சுட்ட படமா, மேலே அச்சிட்ட படமா?

டைல்ஸ் கடைகளில் போஸ்டர் டைல்ஸ், ஹைலைட்டர் டைல்ஸ் என்று கேட்டால் கடல் படங்கள் காட்டுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இவற்றில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, சுடும் முன்பே அச்சிட்டது. குஜராத்தின் மோர்பி இந்தியாவின் டைல்ஸ் தலைநகர். அங்குள்ள ஆலைகளில் செராமிக் மையால் படத்தை அச்சிட்டு, பிறகு 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான சூளைக்குள் அனுப்புகிறார்கள். நிறம், கண்ணாடி போன்ற கிளேஸ் பூச்சோடு உருகிச் சேர்ந்துவிடும். இரண்டாவது, சுட்டு முடிந்த டைல்ஸின் மேல் அச்சிடுவது. இதை யூவி பிரிண்ட் என்பார்கள். மையைப் புற ஊதா விளக்கால் உலர வைக்கிறார்கள். விரும்பும் படத்தை ஒரே ஒரு சுவருக்கு மட்டும் போட இது வசதி. ஆனால் மை மேற்பரப்பில்தான் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க, டாய்லெட் கிளீனர் படப் படத் தேயும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க டைல்ஸை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மை இருக்கும் இடம் மட்டும் லேசாக மேடாகத் தெரிந்தாலோ, நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டாலோ அது மேலே அச்சிட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் நேராகக் கேட்கலாம்: "இது சுட்ட பிரிண்டா, யூவியா?" பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சுட்ட நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குக் கொச்சியில் சாட்சி இருக்கிறது. மட்டாஞ்சேரி யூத வழிபாட்டுக் கூடத்தின் தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கொண்டுவந்து பதித்த நீல வெள்ளைக் கை ஓவிய டைல்ஸ் இன்றும் இருக்கிறது. கடலோர ஈரத்தில் 200 ஆண்டுகளுக்கு மேல், அதுவும் மனிதர்கள் நடக்கும் தரையில்.

போஸ்டர் டைல்ஸ் வாங்கும்போது இன்னொரு விஷயம். ஒரு படம் பல துண்டுகளாக வரும். பதிக்கும் முன் தரையில் அடுக்கிப் பார்த்து, போனில் படம் எடுத்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண் எழுதிவிடுங்கள். அவசரத்தில் இரண்டு துண்டு இடம் மாறினால் படகு வானத்தில் மிதக்கும். உடைந்தால் மாற்ற உபரி டைல்ஸும் இப்போதே வாங்க வேண்டும். அடுத்த வருஷம் அதே படம் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

புதுச்சேரியில் என்ன கிடைக்கும்?

கடல் ஓவியத்துக்காகக் கடற்கரை ஊருக்கே போவதென்றால், புதுச்சேரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் பலர் புதுச்சேரி, ஆரோவில் பகுதியில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். இவர்கள் செய்வது ஸ்டோன்வேர் எனப்படும் கல் போன்ற பீங்கான். மிக அதிகச் சூட்டில் சுடுவதால் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. மீன், அலை, ஓடு என்று கையால் செய்த சின்னத் தட்டுகளையும் டைல்ஸையும் ஈரமான சுவரிலும் பதிக்கலாம். பெரிய படம் ஒன்றை விட, நாலைந்து சின்ன ஸ்டோன்வேர் துண்டுகள் சிறிய பாத்ரூமுக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

அதே புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் கிளேஸ் போடாத சுடுமண் தண்ணீரை உறிஞ்சும். அதைக் காய்ந்த இடத்தில் வைப்பதே நல்லது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லை நீல நிறத்தில் வாங்கி அலை போலப் பதிக்க ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அது சூளையில் சுட்டதில்லை, சிமென்ட்டால் செய்தது. ஆசிட் பட்டால் அரிக்கும். கழுவும் பழக்கத்தை மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

போர்வெல் தண்ணீர் படத்தை என்ன செய்யும்?

திருவண்ணாமலை மாவட்டம் கடினப் பாறைப் பகுதி. பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள், தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படலமாக நிற்கும். கரு நீல நிறத்தில், பளபளப்பான கண்ணாடி போன்ற படத்தில் இந்தக் கறை பளிச்செனத் தெரியும். மணல் நிறம், வெளிர் நீலம், சாம்பல் பச்சை, மேட் பூச்சு என்றால் கண்ணுக்கு உறுத்தாது. எனவே ஆழ்கடலை விடக் கரையோரக் காட்சி நமக்குப் பொருத்தம்.

கறை போக ஆசிட் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. சுட்ட டைல்ஸ் தாங்கினாலும் இடையில் உள்ள சிமென்ட் கிரவுட் அரிக்கப்படும், அச்சு மை உரியும். குளித்து முடித்ததும் வைப்பர் கொண்டு சுவரைத் தள்ளிவிட்டால் கறையே சேராது. படிந்த கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. விஷத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

எந்தக் கடல்?

கடைகளில் அதிகம் கிடைப்பது நங்கூரம், கலங்கரை விளக்கம், ஆங்கிலத்தில் 'பீச்' என்று எழுதிய பலகை. அது யாரோ ஒருவரின் கடல். தமிழ்நாட்டுக் கரையில் படமாக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மரக்காணம் உப்பளம், பழவேற்காட்டுப் பூநாரைகள், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, தனுஷ்கோடி மணல், கட்டுமரம். ஆங்கிலத்தின் 'கட்டமரான்' என்ற சொல்லே நம் கட்டுமரம்தான். சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைக்குரிய நெய்தல் பூ, தாழை, புன்னை ஆகியவற்றை வைத்தே அலையோ படகோ இல்லாமல் ஒரு கடற்கரையைச் சொல்லிவிடலாம்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அழகான படம்தான். ஆனால் அது கோயில். பாத்ரூம் சுவரில் கோயிலையோ சாமியையோ வைக்கப் பல வீடுகளில் மனம் ஒப்பாது. அதுவும் திருவண்ணாமலை பக்கத்தில் ஆர்டர் கொடுத்த பிறகு அம்மா "இதை எடுத்துடுப்பா" என்று சொல்வதை விட, முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப் போவது அவர்கள்தான்.

சொந்தமாக எடுத்த கடற்கரைப் படத்தையே அச்சிடலாம். 2 அடிக்கு 3 அடி அளவில் தெளிவாக வர, ஒரு அங்குலத்துக்கு 100 புள்ளி என்று வைத்தால் 2,400க்கு 3,600 பிக்சல், அதாவது சுமார் 9 மெகாபிக்சல் வேண்டும். இன்றைய போன் கேமராக்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். கூகுளில் கிடைத்த படத்தை அச்சிடக் கொடுப்பது வேண்டாம். அதற்கு உரிமையாளர் இருப்பார், தெளிவும் இருக்காது.

பவளத்தைத் தொடாதீர்கள்

கடல் அலங்காரம் என்றதும் நிஜப் பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. இவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பவளமும் கடல் குதிரையும் 2001இல் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சில வகைச் சங்குகள், கிளிஞ்சல்களுக்கும் பாதுகாப்பு உண்டு. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "கடையில வித்தாங்க, வாங்கினேன்" என்பது காரணமாகாது.

சட்டத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பவளம் வேண்டுமென்றால் பீங்கானில் செய்தது வாங்கலாம். சுவரில் அதுதான் நிற்கவும் செய்யும்.

கடல் சுவரில் இருக்கட்டும், தரையில் வேண்டாம்

கடல் படத்தைத் தரையில் போட்டு, மேலே பளபளக்கும் எபாக்ஸி ஊற்றும் '3டி ஃப்ளோரிங்' வீடியோக்கள் பிரபலம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது. ஈரம் பட்டால் வழுக்கும். பார்வை மங்கியவர்களுக்குப் பளபளப்பான தரை எப்போதும் நனைந்திருப்பது போலவே தெரியும். எங்கே கால் வைப்பது என்று தயங்கும்போதுதான் தடுமாறுவார்கள். தரைக்கு மேட் பூச்சுள்ள, ஒரே நிறமான ஆன்டி ஸ்கிட் டைல்ஸ் போடுங்கள். சுவருக்கும் தரைக்கும் நிறம் தெளிவாக வேறுபடட்டும். கைப்பிடிக் கம்பிக்கு இடம் விட்ட பிறகு மீதிச் சுவரில் படத்துக்கு இடம் பாருங்கள்.

படத்துக்குப் பின்னால் எல்இடி விளக்கு வைக்கும் ஆசை இருந்தால், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஐபி65 தரம் உள்ளதாக இருக்க வேண்டும். அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ட்ரில் போடும் முன்

கடைசி நாளில் நடக்கும் விபத்து இது. படம் மாட்டச் சுவரில் ட்ரில் போடும்போது, உள்ளே புதைத்த சிபிவிசி பைப்பில் துளை விழும். புது டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும். பைப் லைன் ஓடிய பிறகு, பூச்சு வேலைக்கு முன், நான்கு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்தால் பைப் எத்தனை அடி உயரத்தில் போகிறது என்பதும் தெரியும். லேசான படமென்றால் ட்ரில்லே வேண்டாம், ஈரம் தாங்கும் சிலிக்கான் பசை போதும். திருகு போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ் திருகு. இரும்பு என்றால் துரு வழிந்து கோடு விழும்.

படத்தில் அடிவானக் கோடு இருந்தால் அதை டைல்ஸ் இணைப்புக் கோட்டுக்கு நேராக வையுங்கள். அரை அங்குலம் சாய்ந்தாலும் தினமும் கண்ணில் படும்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலில் வாட்டர்ப்ரூஃபிங், பைப். அடுத்து வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் பிறகு சுவர் டைல்ஸ். கடைசியில்தான் கடல். பட்ஜெட் இடித்தால் படத்தைத் தள்ளிப் போடலாம், அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். மற்றவற்றைத் தள்ளிப் போட்டால், படத்தை மாட்டிய பிறகு அதையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கும்.

மேஸ்திரியிடம் காட்டப் போனில் அலைப் படங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். அவற்றோடு, பூச்சுக்கு முன் எடுத்த அந்த நான்கு சுவர்ப் படங்களும் இருக்க வேண்டும்.